நிறுத்த வேண்டியது பளுதூக்குதல் இல்லை

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பயோ மேத்ஸ் குரூப். நான்கு வருடமாகச் சத்துவாச்சாரியில் பளுதூக்கும் பயிற்சிக்குப் போகிறாள், மாநில அளவில் பதக்கமும் வாங்கியிருக்கிறாள். 'பிளஸ் டூ முடிகிறவரை நிறுத்து, அப்புறம் பார்க்கலாம்' என்கிறார் என் அண்ணன். 'ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங் சீட் நிச்சயம், மார்க்கைப் பற்றிக் கவலை வேண்டாம்' என்கிறார் மாஸ்டர். அவளோ பிசியோதெரபி படிக்க வேண்டும் என்கிறாள். காலையும் இரவும் டியூஷன் வேறு, பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிகிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு தாய், காட்பாடி

பதில்: அண்ணன் சொல்வதும் வேண்டாம், மாஸ்டர் சொல்வதும் வேண்டாம் அம்மா. கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பிள்ளை தூங்கி வழிகிறாள் என்று, அதைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்வேன்.

அவளுடைய ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடிகிறதற்கு முன் டியூஷன், பிறகு பள்ளி, பள்ளி விட்டதும் சத்துவாச்சாரி, அங்கே வியர்க்க வியர்க்க வெயிட் தூக்கிவிட்டு, கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்று, பாலாற்றுப் பாலம் தாண்டிக் காட்பாடி வந்து சேர்ந்தால் அங்கே இன்னொரு டியூஷன், அதற்கு மேல்தான் சோறு, வீட்டுப்பாடம். படித்தது மண்டையில் தங்குவதும் தூக்கத்தில்தான், பயிற்சியில் அடிபட்ட தசை தேறி வருவதும் தூக்கத்தில்தான். இரண்டுக்கும் ஆதாரமான ஒன்றைப் பறித்துவிட்டு, இரண்டில் எதை விடுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். பள்ளியில் நடத்திய அதே பாடத்தைக் காலையில் ஒருவர், இரவில் ஒருவர் என்று மறுபடி நடத்தக் கேட்பதால் என்ன லாபம்? எந்தப் பாடத்தில் தடுமாறுகிறாளோ அதற்கு மட்டும் ஒரு டியூஷன் போதும். மற்றதை இந்த மாதமே நிறுத்துங்கள். ஃபீஸ் கட்டிவிட்டோமே என்று தயங்க வேண்டாம்.

இப்போது அண்ணன் சொல்வது. பளுதூக்குதலில் ஸ்னாட்ச் என்கிற தூக்கல் வெறும் பலம் இல்லை. பாரைத் தரையிலிருந்து இழுத்து, அது மேலேறும் அதே நொடியில் அதன் அடியில் உட்கார்ந்து, கையை நீட்டிப் பூட்ட வேண்டும். தினம் தினம் செய்து உடம்பில் ஊறிய கணக்கு அது. ஒரு வருடம் முழுக்க விட்டால் பலம் திரும்பினாலும் அந்த நேரக் கணக்கு லேசில் திரும்பாது. அதோடு பதினாறு, பதினேழு வயதில் விடுகிற வருடம் சாதாரண வருடமும் இல்லை. யூத் பிரிவு 17 வயதோடு முடிந்துவிடும், அடுத்து 20 வயது வரை ஜூனியர். அதனால் நிறுத்தாமல் குறையுங்கள். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது என்பதால் பெரிய போட்டிகளை இந்த வருடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பிளஸ் டூவில் டிசம்பர் வரை வழக்கம்போல, ஜனவரியிலிருந்து தேர்வு முடிகிறவரை வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், லேசான எடையில் டெக்னிக் மட்டும். மாஸ்டரிடம் இதை நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் அவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எடை பார்ப்பார்கள். அதில் குறைந்த எடைப் பிரிவுக்குள் நுழைவதற்காகச் சோற்றைக் குறைத்து, தண்ணீரைக் குறைத்து, வாய் உலர்ந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வளர்கிற பெண் பிள்ளைக்கு, அதுவும் பரீட்சை வருடத்தில், இது வேண்டவே வேண்டாம். அவளுடைய இயல்பான எடை எந்தப் பிரிவோ அதிலேயே தூக்கட்டும். ஒரு பதக்கம் குறைந்தால் குறையட்டும்.

மாஸ்டரின் வாக்குக்கு வருவோம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் 'நிச்சயம்' என்ற வார்த்தைக்கு இங்கே இடமில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. எல்லா விளையாட்டையும் சேர்த்து, மாநிலம் முழுவதும் உள்ள பிள்ளைகளுக்கு அவ்வளவுதான். கணிதம், இயற்பியல், வேதியியலில் தகுதி மதிப்பெண் எடுத்தே ஆக வேண்டும், அதன் பிறகு சான்றிதழ்களை வைத்துத்தான் தரவரிசை. அங்கீகாரம் இல்லாத அமைப்புகள் 'நேஷனல் லெவல்' என்று பேனர் கட்டி நடத்தும் போட்டிகளின் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய், சரிபார்ப்பு மேஜையில் கண்கலங்கி நிற்கும் பெற்றோர் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சான்றிதழையும் எடுத்து வையுங்கள்: நடத்தியது யார், அங்கீகாரம் உண்டா, உரிய படிவத்தில் கையெழுத்து வாங்க முடியுமா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியூரில் இருப்பார்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. அவள் பிசியோதெரபி என்கிறாள், நீங்கள் எல்லோரும் இன்ஜினியரிங் சீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். 500 இடம் அங்கே இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பு அங்கே போய் விழ வேண்டுமா? தன் முட்டியையும் தோளையும் நான்கு வருடமாக உற்றுக் கவனித்து வருகிற பெண் பிசியோதெரபி கேட்பதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது! பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் அந்தப் படிப்பு இருக்கிறது, மாநிலத்தில் வேறு கல்லூரிகளிலும் இருக்கிறது. கோட்டா கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சேர முடிகிற மார்க் வேண்டும். அதற்குத்தான் தூக்கம், அதற்குத்தான் டியூஷன் குறைப்பு.

பளுதூக்கும் வீரர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தை அவளுக்குத் தெரியாமல் இருக்காது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில், இரண்டு வகைத் தூக்கலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குப் போவதற்கு முன் தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடையில் காயம், பதக்க நம்பிக்கையே போய்விட்டது என்று அவரே சொன்னார். அப்படியும் அங்கே மொத்தம் 317 கிலோ தூக்கி மறுபடி தங்கம். அவ்வளவு பெரிய வீரருக்கே ஒரு தூக்கலில் எல்லாம் கைவிட்டுப் போகிற நிலை வந்தது. அவர் கையில் ரயில்வே வேலை இருந்தது. உங்கள் மகள் கையில் ஒரு படிப்பு இருந்தால் காயம் பட்ட நாளிலும் பயமில்லாமல் ஓய்வெடுப்பாள், பயமில்லாமல் திரும்பிப் போய்த் தூக்குவாள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் விசாரியுங்கள்: அங்கேயோ பக்கத்திலோ பளுதூக்கும் மேடை உண்டா, போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ஓ.டி. (வருகைப் பதிவு குறையாத ஆன் டியூட்டி அனுமதி) தருவார்களா, தவறிப்போகும் இன்டர்னல் தேர்வை மறுபடி வைப்பார்களா. பிராஸ்பெக்டஸில் இது இருக்காது. அங்கே இப்போது படிக்கிற விளையாட்டு மாணவிகளிடம் மகளையே பேசவிடுங்கள், அவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.