சீல் ஈரல் வேண்டாம் என்றால் சீலே வேண்டாம் என்றில்லை

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து கனடாவின் வடகோடியில் உள்ள நுனவுட் பிரதேசத்தின் தலைநகர் இக்கலூயிட்டுக்குச் செவிலியராக வந்திருக்கிறேன். சீல் எனும் கடல்நாயின் ஈரலில் பாதரசம் இருப்பதாக, இங்குள்ள பூர்வகுடியான இனுயிட் இனத்துக் கர்ப்பிணி ஒருவரிடம் சொன்னேன். அவர் சீல், மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நூடுல்ஸ் சாப்பிடுகிறாராம். எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: அடுத்த முறை வரும்போது, "சீல் இறைச்சி சாப்பிடுங்கள், 'சார்' (char) எனும் மீனும் நல்லது" என்று தொடங்குங்கள். ஈரலை அப்புறம் எடுக்கலாம். பயமுறுத்தும் பேச்சு முன்னால் வந்துவிட்டால் பிறகு சொல்வது எதுவும் காதில் ஏறாது.

நுனவுட் சுகாதாரத் துறை 2012இல் சொன்னது இவ்வளவுதான்: கர்ப்பிணிகளும் கர்ப்பமாகக்கூடிய பெண்களும் வளையச் சீல் எனும் சீல் வகையின் ஈரலைத் தவிர்க்க வேண்டும், பதிலுக்கு இறைச்சியைச் சாப்பிடலாம். பாதரசம் ஈரலில் அதிகம் சேரும், தசையில் குறைவு. ஈரல் மட்டும்தான். அந்தக் கர்ப்பிணியின் கணவருக்கு இந்தத் தடை இல்லை, மாமியாருக்கும் இல்லை. தரையில் அட்டை விரித்து, சீலைக் கிடத்தி, உலு எனும் இனுயிட் கத்தியால் ஈரலைச் சூடாக அறுத்து நீட்டுவார்கள். அப்போது அவர் எழுந்து போக வேண்டாம். "எனக்கு விலாப் பக்கம் கொடுங்கள்" என்று கேட்டால் போதும்.

வேகவைத்தால் பாதரசம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகாது. இணையத்தில் "பாதரசம் நீக்கும்" மாத்திரை விற்பவர்களிடம் கர்ப்பிணிகள் சிக்கவே கூடாது. இப்படி விற்பவர்கள்மேல் எனக்குக் கடும் கோபம்.

நூடுல்ஸில் சீல் தரும் இரும்புச்சத்து ஏது? 2007, 2008 ஆய்வில் நுனவுட்டின் இனுயிட் வீடுகளில் 10க்கு ஏறத்தாழ 7 வீடுகளுக்குப் போதிய உணவு உறுதியில்லை. அங்கே போய் "கடையில் நல்லதாக வாங்குங்கள்" என்று சொல்லலாமா? வடபகுதி மக்களுக்காக அரசு தரும் உணவு மானியம் கடைக்காரர் கைக்கே போகிறது. அது முழுசாக விலைக்குறைப்பாக மக்களைச் சேர்கிறதா என்று அரசு சரிபார்க்கவில்லை என 2014இல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளரே எழுதினார்.

இந்தப் பாதரசம் எங்கோ எரிந்த நிலக்கரியிலிருந்தும் தங்கச் சுரங்கங்களிலிருந்தும் காற்றில் வந்தது. ஆனால் எச்சரிக்கைத் தாள் மட்டும் இனுயிட் பெண்ணின் கையில், அதுவும் மைக்ரோகிராம் கணக்கோடு. எத்தனை வருடமாக இப்படியே நடக்கிறது!

சரி, அவருக்கு இன்னும் பயம் போகவில்லை என்றால் ரத்தத்தில் பாதரச அளவு பார்க்க மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். முடிவு வந்ததும் தாளைக் கொடுத்து அனுப்பாமல் உட்கார வைத்துப் பேசுங்கள். வீட்டில் இறைச்சி அறுத்துப் பங்கிடுபவரையும் கூட்டி வரச் சொல்லுங்கள்.