தலைப்பில் இடம் இல்லையா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பேப்பரை வைத்துக்கொண்டு, "கற்பு அழிஞ்சுட்டா அந்த அக்காவுக்கு என்னம்மா ஆகும்?" என்று கேட்டாள். எனக்கு வாய் அடைத்துப்போனது. இப்போது பல பத்திரிகைகள் 'கற்பழிப்பு' என்பதை விட்டுவிட்டு 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகின்றன. சொல்லை மாற்றினால் ஏதாவது மாறிவிடுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகளின் கேள்வியிலேயே பதில் இருக்கிறது சகோதரி. அந்தச் செய்தியைப் படித்த பிள்ளைக்கு, செய்தவனை என்ன செய்வார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்றுதான் தோன்றியது. சொல் அப்படி இழுத்துக்கொண்டு போகிறது. வீடு புகுந்து நகையைப் பறித்தால் 'நகை பறிப்பு' என்கிறோம். அந்த வீட்டின் மானம் போய்விட்டதாக யாரும் எழுதுவதில்லை.

நான் ஒரு நாளிதழின் இரவுப் பணியில் 19 ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவள். ஜிஎஸ்டி வந்த வருஷம் ஒரு நாள், மணி பதினொன்றரை. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். இரண்டு பத்தித் தலைப்பில் 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாசிரியர் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "ஒன்பது எழுத்தும்மா, நிக்காது. பழையதையே போடு" என்றார். போட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். கற்பழிப்பு, ஆறு எழுத்து. வன்புணர்வு, அதுவும் ஆறு எழுத்து. தலைப்பில் இடம் இருந்திருக்கிறது. மறுநாள் போய்ச் சொன்னேன். "ஜனங்களுக்குப் புரியாது" என்றார். ஜிஎஸ்டி மட்டும் முதல் நாளே புரிந்ததா? தினமும் போட்டோம், பழகிக்கொண்டார்கள். அன்று இதை அவரிடம் வாய்விட்டுக் கேட்காமல் வந்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம், 'அழகிகள் மீட்பு'. ஏமாற்றி அழைத்து வரப்பட்ட பெண்ணுக்கு அழகி என்று பட்டம். காசு கொடுத்துப் போனவனைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஆனால் நல்ல சொல்லைப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே ஊர், தெரு, என்ன வகுப்பு, அப்பா எந்த இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறார் என்பதுவரை எழுதிவிடுகிறார்கள். அந்த ஊரில் ஒருவருக்காவது ஆள் தெரியாமல் இருக்குமா? பாதிக்கப்பட்டவரின் பெயரை மட்டுமல்ல, ஆளைக் காட்டிக்கொடுக்கும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்பதுதான் சட்டம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆவது பிரிவு. இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால், பிரிவைக் குறிப்பிட்டு ஆசிரியருக்கு எழுதுங்கள். அந்தக் கடிதங்களை நாங்கள் படிப்போம், அறையில் அதைப் பற்றிப் பேச்சு நடக்கும்.

மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அந்த அக்காகிட்ட எதுவும் அழிஞ்சு போகலை. அவளை ஒருத்தன் காயப்படுத்தியிருக்கான். அவன் ஜெயிலுக்குப் போகணும், அவ திரும்பவும் ஸ்கூலுக்குப் போகணும்."

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. தாடை வலி, முதுகில் பாரம், வேர்வை. பக்கத்து கிளினிக்கில் 'கேஸ்' என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலி வராதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வரும் தம்பி. ஆணோ பெண்ணோ, மாரடைப்பில் அதிகம் வருவது நெஞ்சுவலிதான். பெண்களுக்கு அதோடு மூச்சு வாங்கல், குமட்டல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி எல்லாம் கூடுதலாக வரும். சிலருக்கு இவைதான் முன்னால் நிற்கும், நெஞ்சுவலி லேசாகவோ இல்லாமலோ இருக்கும். இப்படிப்பட்ட வலிக்கு மருத்துவத்தில் 'வழக்கத்துக்கு மாறானது' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாருடைய வழக்கத்துக்கு? நெஞ்சுவலி பற்றி அமெரிக்க இதயநல அமைப்புகள் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அந்தச் சொல்லையே விட்டுவிடச் சொல்கிறது. அதே நாட்டில் 1977 முதல் 1993 வரை, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களை மருந்துகளின் தொடக்கக் கட்டச் சோதனையில் சேர்க்க வேண்டாம் என்று அரசின் வழிகாட்டுதலே இருந்தது.

நம் அம்மாக்களும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வாயு" என்று ஓமத்தண்ணி குடிப்பார்கள். அதனால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "ஈ.சி.ஜி. எடுங்க டாக்டர்." அது சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். வேர்வையோடு வலி வந்தால் கிளினிக்குக்கே போக வேண்டாம், 108ஐ அழைத்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளியில் அறிவியல் தினப் பேச்சுப்போட்டி. மேரி கியூரியைத் தவிர வேறு யாரைப் பற்றியாவது என் மகள் பேச வேண்டும்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் ஊரிலேயே வேலை செய்தவர் இருக்கிறாரே, ஜானகி அம்மாள்! 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவரானவர். 1930களில் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மற்றப் புல்லினங்களோடு, மக்காச்சோளத்தோடுகூட, கலந்து பார்த்தார். பிறகு லண்டன் போய், மரபியல் விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் (உயிரணுவுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழை) எண்ணிக்கையை ஒரு பெருநூலாகத் தொகுத்தார். அது வெளிவந்தது 1945இல்.

பேச்சை 'பெண் விஞ்ஞானி' என்று தொடங்க வேண்டாம். 'கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர்' என்று தொடங்கட்டும். கடைசிக் காலத்தில் சென்னை மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். 1984இல், 86 வயதில் இறக்கும்வரை அங்கே செடிகளோடுதான் வேலை.