போலந்து ஜோக்குகளில் குடும்ப வாழ்க்கை எப்படிக் காட்டப்படுகிறது?

அமெரிக்காவில் போலந்துக்காரர்களை மட்டம்தட்டிச் சொல்லும் ஜோக்குகள் வேறு. அவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போலந்தில் குடும்ப ஜோக் என்றாலே மாமியார்தான். சண்டை மருமகளோடு இல்லை, மருமகனோடு. அங்கே கிராக்கோ நகரில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊரிலிருந்து வந்து இறங்கிய மாமியாரிடம் மருமகன் கேட்கிறான்: "எத்தனை நாள் இருப்பீங்கம்மா?" (மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.)

"உங்களுக்கு நான் சலிச்சுப்போற வரைக்கும்."

"அப்போ ஒரு டீ கூடக் குடிக்காமலா கிளம்புறீங்க?"

இதற்குப் பின்னால் வீட்டுப் பஞ்சம் இருக்கிறது. 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடியும்வரை, கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் பதிந்துவிட்டு ஃபிளாட்டுக்காகப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் ஏராளம். கல்யாணமான ஜோடி பெற்றோரின் சின்ன வீட்டிலேயே ஓர் அறையில் குடித்தனம் நடத்தும். சமையலறை பொது, குளியலறையும் பொது. வாய்விட்டுத் திட்ட முடியாத மருமகன் ஜோக் சொன்னான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம், ஆபீஸ் வேலையாக வெளியூர் போன கணவன் சொல்லாமல் திரும்பி வரும் ரகம். பீரோவைத் திறந்தால் உள்ளே ஒருவன், "டிராமுக்காக நிக்கிறேன்" என்பான். வடிவங்கள் பல, கதை ஒன்றுதான்.

யாஷ் என்ற பள்ளிச் சிறுவனின் ஜோக்குகள் இதைவிட நுட்பமானவை. "உண்மையைச் சொல், வீட்டுப்பாடத்தை எழுதினது யார்?" என்கிறார் டீச்சர். "தெரியலை டீச்சர், நான் சீக்கிரமே தூங்கிட்டேன்." ராத்திரி கண்விழித்து எழுதிய அப்பாவோ அம்மாவோ ஜோக்கில் வருவதே இல்லை, ஆனாலும் நம் கண்முன் தெரிகிறார்கள். அப்பாவின் குடி, அம்மாவின் கோபம் எல்லாம் இவன் வாய் வழியாகத்தான் வகுப்புக்கு வந்து சேரும்.

மாமியார் செத்துப்போவதை வைத்தும் நிறைய ஜோக்குகள் உண்டு. அவை எனக்குப் பிடிக்கவே இல்லை. அம்மாவும் வேலைக்குப் போன வீடுகளில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் பாட்டிதான், அதாவது ஜோக்கில் வில்லியாக வரும் அதே பெண்மணி. ஜனவரி 21 போலந்தில் பாட்டி தினம். மழலையர் பள்ளிகளில் குழந்தைகள் பாட்டிகளை வரவழைத்துப் பாட்டுப் பாடி, தாங்களே வரைந்த வாழ்த்து அட்டையைக் கொடுப்பார்கள். தாத்தா தினம் மறுநாள்.