படுக்க வச்சுக் கட்டலாமோ?

கேள்வி: அண்ணை, திருகோணமலை உப்புவெளியில ஐஸ்கிரீம் கடை போடப்போறன், கொழும்பில கண்ணாடிக் கதவு வச்ச பெரிய பிரீசர் ஒண்டு வாங்கியாச்சு, லொறியில படுக்க வச்சுக் கொண்டுவரலாமெண்டு டிரைவர் சொல்றார், சரியோ?

பதில்: வேண்டாம் தம்பி. கம்பிரசருக்குள்ள எண்ணெய் இருக்கு, சரிச்சா அது கேஸ் போற குழாய்க்குள்ள ஏறிடும், அப்பிடியே கரண்ட் குடுத்தா கம்பிரசர் அடிவாங்கும், பிறகு ரிப்பேருக்கு நிறையக் காசு போகும். நிமிர்த்தி, டிரைவர் கேபின் பக்கச் சுவரோட ஒட்டி வையுங்கோ. உள் தட்டெல்லாம் கழட்டி வேறயா, கதவுக்கு டேப், மூலைக்குப் பழைய மெத்தைத் துண்டு. கட்டுறதுக்கு நைலோன் கயிறு சரிவராது, இழுபடும், ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி இறுக்கிற பட்டி) ரெண்டு போடுங்கோ, ஒண்டு நடுவுக்கு மேல. பெல்ட் ஓட ஓட லூசாகும், அதால குருநாகல்லயும் தம்புள்ளையிலயும் இறங்கி இறுக்கவேணும் (டீ குடிக்க எப்பிடியும் நிப்பாட்டுவார்தானே). ஹபரணை தாண்டினா கந்தளாய் வரை யானை றோட்டுக்கு வரும், திடீர் பிரேக் போட்டா எந்தக் கட்டும் ஆடும், பகலோட கடந்திடுங்கோ. வந்து இறக்கினதும் சில மணித்தியாலம் சும்மா விடுங்கோ, தப்பித்தவறி படுக்க வச்சிருந்தா ஒருநாள் கழிச்சு பிளக்கைக் குத்துங்கோ.