அம்மம்மாவும் கிளாரினெட்டும்

கேள்வி: எனக்கு 20 வயது. உப்புவெளியில் இருக்கிறோம். பாடசாலை பாண்ட் குழுவில் ஆறு வருடம் கிளாரினெட் வாசித்தேன். இப்போது படை வாத்தியக் குழு ஒன்றுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். நாள் முழுக்க வாசித்துச் சம்பளம் வாங்க இந்த நாட்டில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அவருடைய மூத்த மகன், என் பெரிய மாமா, 1990இல் காணாமற்போனவர். "நான் துவக்குத் தூக்கப் போகவில்லை, வாசிக்கத்தான் போகிறேன்" என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். எப்படிச் சம்மதிக்க வைப்பது? இன்னொன்று: சின்ன மாமா கனடாவிலிருந்து அனுப்பிய மரக் கிளாரினெட்டின் மேல்பகுதியில் மயிரிழைபோல ஒரு கீறல் தெரிகிறது. ஆபத்தா?
– வாசகர், திருகோணமலை

பதில்: தம்பி, 1974 முதல் 1982 வரை நானும் சீருடை போட்டு இரண்டாம் கிளாரினெட் வாசித்தவன். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். "வாசிக்கத்தான் போகிறேன்" என்று அம்மம்மாவிடம் இனிச் சொல்லாதீர்கள். அது பாதி உண்மை. படை வாத்தியக்காரரும் படையாள்தான். சல்யூட், பயிற்சி, தலைமுடியின் அளவு, லீவு எல்லாமே கட்டளைப்படிதான். கட்டளையும் சிங்களத்தில் வரும். பிடிக்கவில்லை என்று மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர முடியாது. 1798இல் தொடங்கிய அமெரிக்க மரைன் வாத்தியக் குழுவில் சேர்பவர்களுக்கு அடிப்படைப் படைப்பயிற்சியிலிருந்து விலக்கு உண்டு. அந்தக் குழுவின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு எல்லா இடமும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். இதெல்லாம் அம்மம்மாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்த ஒருவரிடம் அதைச் சின்னதாக்கிச் சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்? வாயை மூடிக்கொள்வார்.

சரி, வேலைக்கு வருவோம். படை வாத்தியக் குழுவில் கிளாரினெட்டுகள்தான் அதிகம். மேற்கத்திய இசைக்குழுவில் வயலின்கள் செய்யும் வேலை இங்கே நம்முடையது. ஆனால் மெட்டு பெரும்பாலும் முதல் கிளாரினெட்டுக்குப் போய்விடும். இரண்டாவதும் மூன்றாவதும் நடுவில் இருந்து சுருதியை நிரப்ப வேண்டும். பார்வையாளர் யாருக்கும் உங்கள் குரல் தனியாகக் கேட்காது. நீங்கள் நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு இந்த இடம் பிடித்திருந்தது. உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசியுங்கள். தனியாக மின்ன வேண்டும் என்பவர்கள் அங்கே இரண்டு வருடத்தில் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

வாசிப்பதைவிடக் காத்திருப்பது கடினம். பிரமுகர் வர ஒன்றரை மணி நேரம் தாமதமாகும். வெயிலில் விறைத்து நிற்க வேண்டும். கச்சான் காற்றில் ரீட் (வாயில் வைத்து ஊதும் மெல்லிய நாணல் தகடு) காய்ந்து ஓலைத்துண்டாகிவிடும். வெயிலில் சூடேறிய கருவியின் சுருதி மேலே ஏறிவிடும். கார் கதவு திறந்த நொடியில் தேசிய கீதம் சுத்தமாகப் பிறக்க வேண்டும். என் முதல் அணிவகுப்பில் முதல் ஸ்வரமே கீச்சிட்டது. யாரும் திட்டவில்லை. வாத்திய மாஸ்டர் அன்று மாலை என்னை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு அந்த ஒரே ஸ்வரத்தை எடுக்கச் சொன்னார். ஒரு வாரம் தினமும் அப்படி. கோணேசர் கோயில் நாதஸ்வரக்காரர் சீவாளியைக் காப்பதுபோல ரீட்டைக் காக்க அங்கேதான் கற்றேன்.

அப்புறம் சாவு வீடுகள். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இறந்த படையாளுக்காக மெதுநடையில் வாசித்துக்கொண்டு போவோம். பக்கத்தில் அவருடைய அம்மா கதறுவார். நமக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் கிளாரினெட்காரன் அழ முடியாது தம்பி. உதடு நடுங்கினால் மவுத்பீஸ் பிடி போய்விடும், ஒலி உடைந்துவிடும். அந்தத் தாய்க்கு உடைந்த ஒலியைக் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடிக்காமல், மூச்சை மட்டும் பிடித்து வாசிப்போம். இரவு படுக்கையில்தான் அழுகை வரும். எட்டு வருடத்தில் எனக்கு மறக்காதவை அந்த நாட்கள்தான்.

காதையும் பாருங்கள். பின்வரிசையில் டிரம்பெட், முரசு. என் வலது காதில் இன்றும் இரைச்சல் உண்டு. காதடைப்பான் போட வெட்கப்படாதீர்கள்.

தேர்வுக்கு வந்தால், இசைக்குறிப்புத் தாளைப் பார்த்தவுடன் வாசிக்கும் பழக்கம் வேண்டும். கூடவே கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே கடக்கும் அந்த இடத்தைத் தினமும் மெதுவாகப் பழகுங்கள். அதே விரல்பிடியில் மேலே போகும்போது புல்லாங்குழல் எட்டாம் ஸ்வரத்துக்குத் தாவும், கிளாரினெட் பன்னிரண்டாவதற்குத் தாவும். அதனால் விரல்கள் மொத்தமாக மாறும் இடம் அது. தேர்வாளர் காது வைப்பதும் அங்கேதான். வேறு வழியே இல்லை என்கிறீர்கள், அது முழுக்கச் சரியல்ல. தஞ்சாவூர் சின்னமேளத்தில், அதாவது நடனத்துக்கு வாசிக்கும் குழுவில், பழகிய கருவி இது. ஏ.கே.சி. நடராஜன் இதிலே கர்நாடக சங்கீதம் வாசித்து 2008இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. சம்பளம் உடனே வராத பாதைதான், ஆனாலும் போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

அம்மம்மாவைச் சம்மதிக்க வைக்கும் வழி என்னிடம் இல்லை. அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். 30 வருடத்துக்கு மேலாக ஒரு மகனுக்காகக் காத்திருப்பவர் அவர். வீட்டுக்குள் அந்தச் சீருடை தொங்குவதைத் தாங்கிக்கொள்ளச் சொல்லலாம், சரி என்று வாயால் சொல்லச் சொல்லாதீர்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன் அவர் காலடியில் உட்கார்ந்து, மேலே நான் எழுதியதை மறைக்காமல் சொல்லுங்கள். மாமாவைப் பற்றி அவர் ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். எத்தனை மாலை ஆனாலும் கேளுங்கள். அதற்குப் பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள். அவர் பேசாமலே இருந்தாலும் மாதாமாதம் வந்து பாருங்கள்.

கீறல் விஷயம்: உடனே வாசிப்பதை நிறுத்துங்கள். கீறல் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், அது வளர்கிறதா என்று தெரியும். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், எண்ணெய் ஊறிய மரத்தில் பிறகு பசை பிடிக்காது. நீங்களாகப் பசையும் ஊற்ற வேண்டாம். மரக் கருவிகளைத் திருத்திப் பழகிய ஒருவரிடம் கொழும்புக்குக் கொண்டுபோங்கள். ஒலித்துளை வரை ஓடாத கீறலை அநேகமாகச் சரிசெய்துவிடலாம். அதுவரை பாடசாலையில் பிளாஸ்டிக் கிளாரினெட் இருந்தால் கேட்டு வாங்கி வாசியுங்கள். வெயிலுக்கு அதுவே நல்லது.