அந்தக் கடைசி நாலு பாட்டில்

அன்புள்ள சார்,

எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, வடசென்னையில் ஓர் அரசு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. காலையில் பாட்டில் கழுவுவது, மதியம் சொட்டுச் சொட்டாக ரசாயனம் விட்டு அளக்கிற டைட்ரேஷன், சாயங்காலம் ரெஜிஸ்டர். கல்லூரியில் எச்.பி.எல்.சி. என்கிற நவீனப் பகுப்பாய்வுக் கருவியில் வேலை பார்த்தவள் நான். இங்கே பிப்பெட், ப்யூரெட் என்கிற கண்ணாடிக் குழாய்கள்தான். நேரமாகிவிட்டால் கடைசி சாம்பிள்களுக்குப் போன மாத எண்ணைக் கொஞ்சம் மாற்றி எழுதிவிடச் சொல்கிறார் சீனியர். எல்லாரும் அப்படித்தானாம். அது போகட்டும். வேலையில் இருந்துகொண்டே பிஎச்.டி. பண்ணலாமா, விட்டுவிட்டு குரூப் ஒன்றுக்குப் படிக்கலாமா? கதை எழுதவும் ஆசை. விரலெல்லாம் கறுப்பாகிவிட்டது, பஸ்ஸில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் "அது போகட்டும்" என்று ஒரு வரி. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

போன வாரம்தான் அண்ணன் பேத்தியின் ப்ளஸ் டூ ப்ராக்டிகல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் டைட்ரேஷன். முதல் ரீடிங் 19.8, அடுத்தது 19.7, மூன்றாவதும் 19.7. ஒத்துப்போகிற ரீடிங், அதாவது கன்கார்டண்ட் வேல்யூ, 19.7. வருடம் முழுக்க அந்தப் பிள்ளை ஒரு சொட்டுகூடக் கூடுதலாக விட்டதில்லை. எப்படிம்மா என்றேன். "முதல்ல ஆன்சரை எழுதிட்டு அப்படியே மேல போகணும் தாத்தா" என்றாள், இதுகூடத் தெரியவில்லையே என்கிற இரக்கத்தோடு. நான் படித்ததும் அப்படித்தான். நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். நம் ஊரில் வேதியியல் மாணவன் எழுதும் முதல் பொய் அது. அதற்கு மார்க்கும் உண்டு.

எச்.பி.எல்.சி. இல்லை என்கிற வருத்தத்தையெல்லாம் மூட்டை கட்டி வையுங்கள். நீங்கள் தண்ணீரின் உப்பைக் காட்டும் குளோரைடைப் பார்ப்பது மோர் என்கிற ஜெர்மானிய மருந்தாளர் சொல்லிக்கொடுத்த முறையில். ராயபுரத்துக்கு ரயில் வந்த 1856ஐ ஒட்டிய சங்கதி அது. இன்னும் ஓடுகிறது. பிழை முறையில் வருவதில்லை, பென்சிலில் வருகிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எண்பதுகளில் நானும் ஒன்றரை வருடம் இதே மாதிரி ஒரு கூடத்தில் தற்காலிக ஆளாக இருந்தேன். தண்டையார்ப்பேட்டைப் பக்கத்து அடிபம்பு சாம்பிள்கள். ஒரு நாள் நாற்பது பாட்டில். முப்பத்தாறு முடிக்கும்போது ஐந்தே முக்கால். மிச்சம் நாலும் ஒரே தெரு. போன மாதம் குளோரைடு லிட்டருக்கு 240 மில்லிகிராம். நான் 235, 245, 240, 238 என்று எழுதினேன். பார்த்தீர்களா, எவ்வளவு அழகாக ஏற்ற இறக்கம் வைத்தேன் என்று. 250க்குள் இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு அம்மா பிளாஸ்டிக் குடத்தோடு வந்து நின்றார். "இன்னா சார், நல்ல தண்ணின்னு எய்தி குடுத்துக்கிறியே, இத்த நீயே ஒரு வாய் குடிச்சிப் பாரு." குடித்தேன். கரித்தது. அவர் எதிரிலேயே 50 மில்லி எடுத்து, பொட்டாசியம் குரோமேட் விட்டு, ப்யூரெட்டைத் திறந்தேன். ஒரு மில்லி சில்வர் நைட்ரேட்டுக்கு அரை மில்லிகிராம் குளோரைடு என்பது உங்களுக்குத் தெரியும். நான் எழுதிய 240 சரியென்றால் 24 மில்லியில், குளோரைடு தீர்ந்ததைக் காட்டும் செங்கல் நிறம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 30, 40. ஐம்பதும் இறங்கியாயிற்று. ஃபிளாஸ்கில் வெள்ளையாகத் திரிந்து நிற்கிறது, மஞ்சள் மட்டும் மஞ்சளாகவே இருக்கிறது. அப்புறம் 10 மில்லியை ஐம்பதாக்கிப் பார்த்ததில் 22இல் நிறம் மாறியது. 1100. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்துக்கு அனுமதிக்கிற உச்சமே 1000. அந்த அம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் புரியவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உப்புதானே?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தெருவின் நிலத்தடி நீர் எப்போது கெட்டது என்று இனி யாராலும் சொல்லமுடியாது. ரெஜிஸ்டரில் அந்த மாதம் 240 என்றுதான் இருக்கும். என் கையெழுத்தில். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல் உள்ளே வருகிறது என்று 1960களின் கடைசியிலேயே தெரிந்ததென்றால், கிணற்று நீரில் இருந்த உப்பை யாரோ உட்கார்ந்து அளந்து, அளந்ததை அப்படியே எழுதியதால்தான். அவர்களும் பாட்டில் கழுவியவர்கள்தான். அவர்களுக்கும் மனசு மரத்துப்போயிருக்கும்.

சீனியரோடு மல்லுக்கு நிற்கச் சொல்லவில்லை. அவருக்கும் பஸ் பிடிக்கவேண்டும். ஆனால் நீங்கள் எம்.எஸ்சி. படித்தவர். கிருமி கொல்லப் போட்டு எஞ்சிய குளோரின் மாதிரி பறந்துபோகிற சமாசாரமா குளோரைடு? மூடிவைத்த பாட்டிலில் நாளைக்கும் அதேதான் இருக்கும். காலையில் வந்து பாருங்கள். அதுவும் முடியாதென்றால் கட்டத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, எட்டே மாதத்தில் "எல்லாரும் அப்படித்தான்" என்று எழுதுகிற கை என்ன கதை எழுதும்?

பிஎச்.டி., குரூப் ஒன்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். எதையாவது பண்ணுங்கள். எனக்கு இரண்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாது.

விரல் கறுப்பு சில்வர் நைட்ரேட் கறை, சோப்புக்குப் போகாது. மேல்தோல் உதிரும்போதுதான் போகும், பத்துப் பதினைந்து நாளில். கையுறை கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். எனக்கும் அப்படி இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே காபி குடித்தேன். மாப்பிள்ளைக்குத் திமிர் என்று பேசிக்கொண்டார்களாம்.

நீங்கள் கடைசியாகப் பார்க்காமல் எழுதியது எந்தத் தெருவின் பாட்டில்கள்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.