அப்பா விட்டுச்சென்ற மூன்று கைத்துப்பாக்கிகள்: எது என்ன, என்ன விலை பெறும்?

கேள்வி: அப்பா இறந்தபின் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே மூன்று பழைய கைத்துப்பாக்கிகள் இருந்தன. மூன்றுக்கும் அவர் பெயரில் உரிமம் உண்டு. முதலாவது, நடுவில் மடித்துத் திறக்கும் பெரிய ரிவால்வர். அதில் ‘வெப்லி’, ‘மார்க் 6’, ‘1917’ என்று பொறித்திருக்கிறது. இரண்டாவது, நிக்கல் பூசிய சின்ன ரிவால்வர். அதன் குழல்மேல் ‘ஸ்மித் அண்ட் வெசன்’ என்ற பெயர் இருக்கிறது. மூன்றாவது கறுப்பு பிஸ்டல். அதில் ‘பி.38’ என்றும், பக்கத்தில் ‘பிஒய்எஃப்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ‘44’ என்ற எண்ணும் உள்ளன. ஒரு வியாபாரிக்குப் படம் அனுப்பினோம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகை சொன்னார். துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறான் தம்பி. தங்கைக்கு ஒன்றை அப்பா நினைவாக வைத்துக்கொள்ள ஆசை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பியின் கையிலிருந்து உப்புத்தாளை முதலில் வாங்கி வையுங்கள். பழைய துப்பாக்கியின் விலையில் பெரும்பங்கு, ஆலையில் போட்ட மேற்பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தேய்த்தால் துருவோடு அந்தப் பூச்சும் போகும், முத்திரைகளின் விளிம்பும் மழுங்கும். பிறகு புதிதாகக் கருநீலப் பூச்சு போட்டாலும் சேகரிப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், விலையையும் இறக்கிவிடுவார்கள். மென்மையான துணியில் கொஞ்சம் துப்பாக்கி எண்ணெய் தொட்டு மேலாகத் துடைத்தால் போதும். தோலுறைக்குள் இருந்தால் வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பு அரிக்கும். அந்த உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துப்பாக்கியின் காலத்து உறைக்குத் தனி மதிப்பு உண்டு.

துடைப்பதற்கும் முன்னால், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை வருடம் பெட்டியில் கிடந்திருந்தாலும் நிரப்பிய துப்பாக்கி என்றே நினைத்துக் கையாளுங்கள். விரல் விசைக்குப் பக்கத்தில் போகக்கூடாது, குழல் யாரையும் நோக்கக்கூடாது. பிஸ்டலில்தான் விபத்துகள் அதிகம் நேரும். தோட்டாக்களை அடுக்கும் கூடான மேகசினைக் கழற்றியதும் காலியாகிவிட்டது என்று நினைக்கிறோம், ஆனால் ஒரு தோட்டா குழலின் பின்புற அறையிலேயே தங்கியிருக்கலாம். மேகசினை எடுத்த பிறகு மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து அந்த அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். பழக்கம் இல்லையென்றால் நீங்களாக முயல வேண்டாம், தெரிந்தவரை வரவழையுங்கள். கூடவே இருக்கும் பழைய தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கும் எண்ணமே வரக்கூடாது.

உரிமம் அப்பா பெயரில் இருந்ததால் அது உங்களுக்குத் தானாக வந்துவிடாது. உரிமமுறை உள்ள நாடுகளில் வாரிசு தகவல் தெரிவித்து, புதிதாக அனுமதி பெறும்வரை ஆயுதத்தை எங்கே வைப்பது என்றும் கேட்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் தொலைபேசியில் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

இனி உங்கள் மூன்று துப்பாக்கிகளுக்கு வருவோம். வெப்லி மார்க் 6, முதல் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் படை ரிவால்வர். 1915இல் படைக்கு ஏற்கப்பட்டது, .455 அளவுத் தோட்டாவுக்குச் செய்தது. 1917 என்பது அது செய்யப்பட்ட ஆண்டு. இதில் இரண்டு இடங்களைக் கவனமாகப் பாருங்கள். துப்பாக்கியின் உடலான இரும்புச் சட்டத்தில் உள்ள வரிசை எண்ணே, தோட்டாக்கள் போடும் சுழல் உருளையான சிலிண்டரிலும் இருக்கிறதா? சிலிண்டரின் பின்பக்கம் கடைந்து குறைக்கப்பட்டிருக்கிறதா? பிற்காலத்தில் அமெரிக்க பிஸ்டல் தோட்டாவான .45 ஏசிபி எளிதாகக் கிடைத்ததால், அதைப் போடுவதற்காகப் பல வெப்லிகளின் சிலிண்டரை அப்படிக் கடைந்தார்கள். கடைந்திருந்தால் சேகரிப்பு மதிப்பு குறையும். அதைவிட முக்கியமாக, அந்தத் தோட்டாவின் அழுத்தம் இந்தப் பழைய சட்டத்துக்கு அதிகம். வாங்குபவரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நிக்கல் ரிவால்வரைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். குழல்மேல் இருக்கும் பெயர் செய்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தத் தோட்டா பொருந்தும் என்று குறிக்கிற வரியாகவும் இருக்கலாம். பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் அமெரிக்க ரிவால்வர்களைப் பார்த்து ஏராளமான நகல்கள் செய்தார்கள். ‘ஸ்மித் அண்ட் வெசன் தோட்டாவுக்கு ஏற்றது’ என்று பொறிக்கும்போது கம்பெனிப் பெயரை மட்டும் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் போடுவது வழக்கம். பூதக்கண்ணாடி வைத்து அந்த வரி முழுவதையும் படியுங்கள். பிறகு சிலிண்டரில் தேடுங்கள். முட்டை வடிவ வளையத்துக்குள் ‘இஎல்ஜி’ என்ற மூன்று எழுத்துகள் இருந்தால், பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச்சாலையில் தேறியது என்று பொருள். வளையத்தின் தலையில் கிரீடமும் இருந்தால் 1893 அல்லது அதற்குப் பிறகு. அப்படியானால் பண மதிப்பு அதிகம் இராது. அசல் ஸ்மித் அண்ட் வெசன் என்று உறுதியானால், வரிசை எண்ணைக் கொடுத்து, அது ஆலையிலிருந்து என்றைக்கு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று கட்டணம் கட்டிக் கடிதம் வாங்கலாம். 

என் கணிப்பில் மூன்றில் மதிப்பு மிக்கது அந்தக் கறுப்பு பிஸ்டல்தான். பி.38, ஜெர்மன் படைக்காக வால்தர் நிறுவனம் வடிவமைத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆலைகளின் பெயருக்குப் பதில் ரகசியக் குறியெழுத்தைப் பொறித்தார்கள். வால்தருக்கு ‘ஏசி’, மௌசருக்கு ‘பிஒய்எஃப்’, ஸ்ப்ரீவெர்க்குக்கு ‘சிஒய்க்யூ’. ஆக, உங்களுடையது 1944இல் மௌசர் ஆலையில் செய்தது. சட்டம், மேல்பாகம், குழல் மூன்றிலும் வரிசை எண் இருக்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் விலை நன்றாக ஏறும். ஒன்று மாறியிருந்தாலும் கணிசமாக இறங்கும். எண்ணோடு ஓர் எழுத்தும் இருந்தால் அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 10,000 எட்டியதும் எழுத்தை மாற்றி எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். அதனால் எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. இது அப்பாவின் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லும் கடிதமோ, ரசீதோ, சீருடையில் எடுத்த படமோ இருந்தால் தேடி எடுங்கள். வாய்வழிக் கதைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, காகிதத்துக்குக் கொடுப்பார்கள்.

அந்த வியாபாரியின் தொகையை ஏற்காதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. வாங்க வந்தவர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார், அது நியாயமும்கூட. ஆனால் இவ்வளவு வேறுபட்ட மூன்றுக்கும் ஒரே தொகை சொல்வதும், எண்களைக் கேட்காமலே சொல்வதும் சரியில்லை. வாங்கும் எண்ணம் இல்லாத மதிப்பீட்டாளர் ஒருவரிடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவர் வேண்டாம், விலையை ஏற்றிக் காட்டினால் அவருக்குத்தான் லாபம். மணிக்கு இவ்வளவு, துப்பாக்கிக்கு இவ்வளவு என்று கேட்பவரே நல்லவர். காப்பீட்டுக்கு எழுதும் மதிப்பும் விற்றால் கிடைக்கும் மதிப்பும் ஒன்றல்ல. உங்களுக்குள் பங்கு பிரிக்க இரண்டாவதைக் கேளுங்கள்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், ஏலத்தில் உண்மையில் விற்றுமுடிந்த தொகைகளைப் பாருங்கள். விற்பனைக்குப் போட்டிருக்கும் விலை, விற்பவரின் ஆசை மட்டுமே. ஏல நிறுவனம் இரண்டு பக்கமும் கமிஷன் பிடிப்பதையும் கணக்கில் சேருங்கள். இணையத்தில் யாரிடமாவது காட்டிக் கேட்பதென்றால் முழு எண்ணையும் வெளியிட வேண்டாம், கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துவிடுங்கள்.

தங்கைக்கு அந்த நிக்கல் ரிவால்வரைக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. விற்றால் குறைவாகவே வரும், நினைவாக வைக்க அதுவே பொருத்தம். சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் இடங்களும் உண்டு. ஆனால் அந்த வேலை செய்தபின் மீட்க முடியாது, மதிப்பும் விழுந்துவிடும். மூன்றின் மதிப்பும் எழுத்தில் கைக்கு வரும்வரை எதையும் அதற்குக் கொடுக்காதீர்கள்.